பாம்புகளுக்கு வெயில் கொடுத்த பெண்மணி

குட்டீஸ், பள்ளிக்கூடப் பையில் நீங்கள் என்னவெல்லாம் எடுத்துச் செல்வீர்கள்? புத்தகம், நோட்டு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். கொஞ்சம் குறும்புக்காரராக இருந்தால் பம்பரமோ கோலிக்குண்டோ கூட இருக்கும். லண்டனில் ஏறக்குறைய 110 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவி முதலைக்குட்டியைக் கொண்டு போனாள். பொம்மை முதலை அல்ல, உயிருள்ள முதலை! அதுவும் கணக்கு வகுப்புக்கு! அந்த வகுப்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே கற்பனை செய்து கொள்ளுங்கள்.

அந்த மாணவியின் பெயர் ஜோன் பீச்சம் புரோக்டர். பிற்காலத்தில் லண்டன் விலங்குக் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனவர். குளிர் நாட்டில் கூண்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பாம்புகளுக்கும் உடும்புகளுக்கும் மின்சாரத்தால் வெயிலை உண்டாக்கிக் கொடுத்தவர். அவர் வாழ்ந்தது வெறும் 34 ஆண்டுகள்தான்.

ஜோன் 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி லண்டனில் பிறந்தாள். அப்பா பங்கு வியாபாரி. அம்மா ஓவியம் வரைபவர். ஜோனுக்குப் பத்து வயதிலேயே பாம்பு, பல்லி, தவளை என்றால் உயிர். மற்ற சிறுமிகள் பொம்மையை மடியில் வைத்துக் கொஞ்சும் வயதில் அவள் பாம்பு வளர்த்தாள். அவளுக்கு மிகவும் பிடித்தது டால்மேஷியா பகுதியைச் சேர்ந்த ஒரு பெரிய பல்லி. எங்கே போனாலும் அது கூடவே வரும். சாப்பாட்டு மேஜையில்கூட அவள் பக்கத்தில்தான் அதற்கு இடம்! நம் வீட்டில் சுவர்ப் பல்லி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தாலே என்ன ரகளை நடக்கிறது? ஜோனின் அப்பா, அம்மாவின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

லண்டனில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் ஜோன் படித்தாள். படிப்பில் கெட்டிக்காரி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்பது ஆசை. ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சிறு வயதிலிருந்தே குடல் நோய் அவளை விடாமல் வாட்டி வந்தது. பள்ளிப் படிப்பே பல முறை தடைப்பட்டது. கடைசியில் கேம்பிரிட்ஜ் கனவைக் கைவிட வேண்டியதாயிற்று.

கல்லூரிக் கதவு மூடியது. வேறொரு கதவு திறந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊர்வனவற்றுக்கும் மீன்களுக்கும் பொறுப்பாக இருந்தவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பவுலஞ்சர். பெல்ஜியத்தில் பிறந்த இந்தப் பெரியவர் இரண்டாயிரத்துக்கும் அதிகமான உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர். நம் இந்தியாவின் பாம்பு, பல்லி, ஆமை, தவளைகளைப் பற்றி 1890ஆம் ஆண்டில் ஒரு பெரிய புத்தகம் எழுதியவரும் இவரே. தன் பிராணிகளைப் பற்றிச் சந்தேகம் கேட்கப் போன ஜோனை அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. 1916ஆம் ஆண்டு தனக்கு உதவியாளராக வரச் சொன்னார். அப்போது ஜோனுக்கு வயது 19 தான்.

இனி அவரை "அவர்" என்றே அழைப்போம். விஞ்ஞானி ஆகிவிட்டார் அல்லவா?

அருங்காட்சியகத்தில் ஜோன் செய்த வேலை ஜாடிகளில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பாம்புகளையும் ஆமைகளையும் ஆராய்வது. செதில்களை எண்ணுவார், எலும்புகளை அளப்பார், படம் வரைவார், கட்டுரை எழுதுவார். ஆப்பிரிக்காவில் ஒரு விசித்திரமான ஆமை உண்டு. ஓடு தோசைக்கல் போலத் தட்டையாக இருக்கும். பாறை இடுக்கில் புகுந்து ஒளிந்து கொள்ளும். அந்த ஆமையைப் பற்றி ஜோன் எழுதிய ஆராய்ச்சி 1922இல் வெளியானது. அதே ஆண்டில், ஆப்பிரிக்கக் காட்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாம்புக்கு ஜோனின் குடும்பப் பெயரையே வைத்தார்கள். 1920இல் பவுலஞ்சர் ஓய்வு பெற்ற பிறகு ஊர்வனப் பிரிவை ஜோன்தான் கவனித்துக் கொண்டார்.

ஆனாலும் ஜாடியில் இருக்கும் பாம்பு ஒன்று, ஊர்ந்து வரும் பாம்பு வேறொன்று இல்லையா? உயிருள்ளவற்றோடு பழகி வளர்ந்தவர் ஜோன். 1923ஆம் ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிசாலை அவரை ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளராக நியமித்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். வயது 26. ஒரு இளம்பெண் கையில் மலைப்பாம்பா, முதலையா என்று பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டு எழுதித் தள்ளின. ஜோனோ அதையெல்லாம் பெரிதாக எடுத்துக் கொள்ளாமல் நோயுற்ற பாம்புகளுக்கு மருந்து கொடுப்பதிலும், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை செய்வதிலும் மும்முரமாகிவிட்டார்.

அவர் எதிர்கொண்ட பெரிய சிக்கல் என்ன தெரியுமா? குளிர்!

இங்கே ஒரு சின்ன அறிவியல் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை எல்லாம் கிடையாது.

காலை வேளையில் மதில் சுவரின் மேல் ஓணான் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோம்பேறித்தனமா? இல்லை. அது வெயிலில் தன்னைச் சூடேற்றிக் கொள்கிறது. உங்கள் உடம்பு சாப்பிட்ட சோற்றை எரித்து எப்போதும் 37 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தன்னை வைத்துக் கொள்ளும். மார்கழிக் குளிரானாலும் சித்திரை வெயிலானாலும் இதே கதைதான். பாம்பு, பல்லி, ஆமை, முதலை இவற்றுக்கு அந்த அடுப்பு உள்ளே இல்லை. வெளியிலிருந்து சூட்டை வாங்கிக் கொள்ள வேண்டும். அதனால் அவற்றுக்குச் சாப்பாட்டுச் செலவு மிகக் குறைவு. உங்கள் எடை உள்ள ஒரு மலைப்பாம்பு நீங்கள் சாப்பிடுவதில் பத்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டே காலத்தை ஓட்டிவிடும்.

உடம்பு சூடாக இருந்தால்தான் பாம்பால் இரையைச் செரிக்க முடியும். குளிரில் வயிறு வேலை செய்யாது. விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதை வெளியே கக்கிவிடும். குளிர் தொடர்ந்தால் நுரையீரலில் சளி கட்டும், வாயில் புண் வரும், மெல்ல மெல்ல வாடிப்போகும். பழைய காலத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பலில் கொண்டு வரப்பட்ட வெப்ப நாட்டுப் பாம்புகள் பல நெடுநாள் பிழைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடு அவற்றுக்கு மருந்தும்கூட. நமக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு தானாகச் சூடாகிறது. பல்லிக்கு அது முடியாது. என்ன செய்யும்? வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய்ப் படுத்துக் கொள்ளும்! கிருமியை எதிர்க்க அது தானே வரவழைத்துக் கொள்ளும் காய்ச்சல் அது. 1970களில் அமெரிக்க விஞ்ஞானிகள் பாலைவன இகுவானா என்ற பல்லியை வைத்து இதைக் கண்டறிந்தார்கள். சூடான இடத்துக்குப் போக முடியாதபடி குளிரில் வைக்கப்பட்ட நோயாளிப் பல்லிகளில் பெரும்பாலானவை இறந்து போயின.

பாம்புகள் எல்லாமே சூட்டைக் கடன் வாங்குபவைதானா? ஒரு விதிவிலக்கு உண்டு. நம் நாட்டு மலைப்பாம்பின் தாய், முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கொண்டு தசைகளை வெடுக் வெடுக்கென்று துடிக்க வைக்கும். நாம் குளிரில் நடுங்குவோமே, அது போல. அதனால் உண்டாகும் சூட்டில் முட்டைகள் இதமாக இருக்கும். 1841இல் பாரிஸ் நகர விலங்குக் காட்சிசாலையில் இதை வெப்பமானி வைத்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். அடைகாக்கும் சில வாரங்கள் மட்டும்தான் இந்த வித்தை.

சரி, "குளிராக இருந்தால் கூண்டைச் சூடாக்கிவிட வேண்டியதுதானே, இதில் என்ன பெரிய கஷ்டம்?" என்று கேட்கத் தோன்றுகிறதா?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஓணானை இன்னும் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பத்து மணி வெயில் ஏறியதும் சுவரை விட்டு இறங்கிச் செடி நிழலுக்குப் போய்விடும். உடம்பு ஆறியதும் மறுபடி வெயிலுக்கு வரும். இப்படி வெயிலுக்கும் நிழலுக்குமாக நடந்து நடந்துதான் உடம்பின் சூட்டைச் சரியாக வைத்துக் கொள்கிறது. பாம்பும் அப்படியே. கூண்டு முழுவதும் ஒரே அளவாகச் சூடேற்றினால் பாம்புக்கு ஓடி ஒளிய நிழல் ஏது? குளிர் கொல்ல வாரக்கணக்கில் ஆகும். சூடு சில நிமிடங்களிலேயே கொன்றுவிடும். உடம்பின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான பாம்புகளால் வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. பாலைவனத்துப் பாம்பாக இருந்தாலும் சரி, உச்சி வெயில் மணலில் நகர முடியாமல் மாட்டிக் கொண்டால் பிழைக்காது.

விஞ்ஞானிகள் இதைத் தெளிவாக எழுதி வைத்தது 1944இல். அமெரிக்காவின் கலிபோர்னியா பாலைவனத்தில் ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இருவர் பல்லிகளையும் பாம்புகளையும் பின்தொடர்ந்து அவற்றின் உடல் வெப்பத்தை அளந்தார்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய் அவை தங்கள் வெப்பத்தை எவ்வளவு கச்சிதமாகப் பார்த்துக் கொள்கின்றன என்று காட்டினார்கள். ஜோன் லண்டனில் தன் கட்டிடத்தை எழுப்பியது அதற்கு 17 ஆண்டுகள் முன்பே!

அந்தக் கட்டிடத்துக்கு வருவோம்.

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பாம்புகளுக்கென்று வீடு இருந்தது ஜோன் காலத்தில் புதிதல்ல. 1849இலேயே அங்கே ஊர்வன இல்லம் திறந்துவிட்டார்கள். உலகிலேயே முதலாவது அது. பிறகு 1880களில் பெரிதாக ஒன்று கட்டினார்கள். அந்தக் காலத்து வழக்கம், கட்டிடம் முழுவதையும் மொத்தமாகச் சூடாக்குவது. நைல் நதி முதலைக்கும், மலைக்காட்டுப் பல்லிக்கும், பாலைவன விரியனுக்கும் ஒரே சூடு என்றால் எப்படி? எஸ்கிமோவுக்கும் நமக்கும் ஒரே கம்பளிச் சட்டை தைத்துக் கொடுத்த கதைதான்!

புதிய கட்டிடத்துக்கான திட்டம் ஜோனுடையது. அவருக்கு ஓவியமும் மாதிரி வடிவம் செய்வதும் நன்றாக வரும். 1924இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்தின் தொட்டிகளுக்குள் இருக்கும் பாறை அமைப்புகளையும் அவரே வடிவமைத்திருந்தார். இப்போது கட்டிடக் கலைஞர் கய் டாபருடன் சேர்ந்து வேலையில் இறங்கினார். 1926இல் தொடங்கிய கட்டுமானம் 1927இல் முடிந்து கதவு திறந்தது.

உள்ளே என்ன புதுமை? முதலாவது, மின்சார வெப்பம். எல்லா இடத்துக்கும் ஒரே சூடு என்ற பழைய வழக்கத்தைத் தூக்கிப் போட்டார் ஜோன். எந்த விலங்குக்கு எவ்வளவு சூடு தேவையோ, அவ்வளவு சூடு அதன் இடத்தில் கிடைக்க வேண்டும். மின்சாரம் இருந்தால்தான் இது முடியும். ஒரு இடத்தில் கூட்டலாம், இன்னொரு இடத்தில் குறைக்கலாம். வீடுகளில் மின்விளக்கே இன்னும் எல்லோருக்கும் வந்து சேராத காலம் அது என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, கண்ணாடி. சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும். ஆனால் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் எலும்புக்கு வலுக் கொடுக்கும் பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி உருவாகாது. பல்லிகளுக்கும் ஆமைகளுக்கும் எலும்பு வளையும், ஓடு மெலியும். 1920களில்தான் விஞ்ஞானிகள் இந்த உண்மையை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கொண்டிருந்தார்கள். புற ஊதாக் கதிரை உள்ளே விடும் 'வீட்டா கண்ணாடி' என்ற புதுச் சரக்கு அப்போதுதான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்திருந்தது. ஜோன் உடனே அதைப் பயன்படுத்திக் கொண்டார்.

மூன்றாவது, வெளிச்சம். பார்வையாளர்கள் நடக்கும் இடம் மங்கலாக இருக்கும். கூண்டுக்குள் மட்டும் பளிச்சென்று வெளிச்சம். மீன் காட்சியகம் போல. நமக்கு நன்றாகத் தெரியும், பாம்புக்கும் நம் கூட்டம் தொந்தரவாகத் தெரியாது. வாசலில் ஊர்வனவற்றின் உருவங்களைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். பழைய கட்டிடம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதைப் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜோன் அன்று பெரிய கட்டிடத்தில் செய்ததை இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் வீட்டு அலமாரி அளவுப் பெட்டிக்குள் செய்கிறார்கள். ஆமாம், அங்கே பாம்பைச் செல்லப் பிராணியாக வளர்ப்பவர்கள் நிறையப் பேர்! ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ராயல் மலைப்பாம்பு, அமெரிக்காவின் சோளப் பாம்பு இரண்டும் அவர்களுக்குப் பிடித்தவை. இரண்டுக்கும் விஷம் கிடையாது. (நீங்கள் உடனே கோணிப்பையைத் தூக்கிக் கொண்டு வயல் பக்கம் கிளம்பிவிடாதீர்கள். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. தவிர, எது விஷப்பாம்பு என்று நமக்குத் தெரியவும் தெரியாது!)

அந்தப் பெட்டிகளின் ரகசியமும் வெயிலும் நிழலும்தான். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் சூடு இருக்கும். மறு ஓரம் குளுமையாக இருக்கும். ராயல் மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 32 டிகிரி அளவிலும் குளுமையான பக்கம் 25 டிகிரி அளவிலும் இருந்தால் நல்லது. சோளப் பாம்புக்கு இரண்டு பக்கமும் இதைவிடச் சில டிகிரி குறைவாகப் போதும். இரண்டு பக்கமும் ஒளிந்து கொள்ள ஒவ்வொரு பொந்து. சூடான பக்கம் மட்டும் பொந்து வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? பாம்பு கூச்ச சுபாவம் உள்ளது. வெளியில் தெரியும்படி படுப்பதைவிட, வெந்தாலும் பரவாயில்லை என்று சூட்டிலேயே ஒளிந்து கிடக்கும்.

சூடு கொடுக்கும் கருவி எதுவானாலும் அதைக் காவலாள் இல்லாமல் விடக்கூடாது. அந்தக் காவலாளின் பெயர் தெர்மோஸ்டாட். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் அது இருக்கிறது. அம்மா துணி தேய்க்கும்போது அவ்வப்போது விளக்கு அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்திருப்பீர்களே? உள்ளே இரண்டு வேறு உலோகத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பார்கள். சூடானால் ஒரு உலோகம் அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும். ஒட்டியிருப்பதால் தகடு வளைந்துவிடும். வளைந்ததும் மின் இணைப்பு 'டிக்' என்று விட்டுப் போகும். ஆறியதும் தகடு நிமிரும், மறுபடி இணைப்பு சேரும். ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஆண்ட்ரூ யூர் 1830இல் இந்தத் தகடு வித்தைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய பாம்புப் பெட்டிகளில் தகட்டுக்குப் பதில் ஒரு சிறு உணர்கருவி இருக்கும். ஒரு வயரின் நுனியில் அது பெட்டிக்குள் வெப்பத்தைப் பார்த்துக் கொண்டே இருக்கும். சொன்ன அளவைத் தொட்டதும் ஹீட்டரை நிறுத்தும்.

இந்தக் காவலாளையும் முழுதாக நம்பிவிட முடியாது. அந்த வயர் நுனி சூடான பக்கத்திலிருந்து இழுபட்டு, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும். "ஐயோ, குளிருகிறதே!" என்று காவலாள் நினைத்துக்கொண்டு ஹீட்டரை நிறுத்தாமல் ஓட விடும். பெட்டி அடுப்பாகிவிடும்! அதனால்தான் வயரை அசையாதபடி பொருத்துகிறார்கள். அது போதாதென்று சூடான பக்கம் ஒன்றும் குளுமையான பக்கம் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளைத் தனியே வைத்து, தினமும் கண்ணால் பார்த்துக் கொள்கிறார்கள்.

இன்னொரு ஆபத்து, தீக்காயம். அடுப்பில் கை பட்டால் நாம் வெடுக்கென்று இழுத்துக் கொள்கிறோம். பாம்பு பல நேரங்களில் அப்படிச் செய்வதில்லை. அளவுக்கு மீறிச் சூடான கல்லின் மேலேயே சுருண்டு படுத்து, வயிற்றுச் செதில்கள் வெந்து போகும் அளவுக்குக் காயம் பட்டுக் கொண்ட பாம்புகள் ஏராளம். உள்ளே மின்கம்பி வைத்த 'சூட்டுக் கல்' என்று ஒன்று முன்பு பரவலாக விற்றது. அதில் ஒரு பகுதி மட்டும் கொதிக்கும், மற்ற பகுதி சும்மா இருக்கும். பல மிருக வைத்தியர்கள் அதை வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். மேலே தொங்கும் பல்பாக இருந்தால் அதைச் சுற்றிக் கம்பிக் கூடு போட வேண்டும். இல்லாவிட்டால் சூடு தேடி ஏறும் பாம்பு பல்பையே சுற்றிக் கொள்ளும். பெட்டிக்கு அடியில் விரிக்கும் வெப்ப விரிப்பாக இருந்தால் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் விரிக்கக் கூடாது. கண்ணாடிப் பெட்டியை ஜன்னல் வெயிலில் வைப்பது எல்லாவற்றையும்விட மோசம். கதவு மூடிய காரை வெயிலில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

மீண்டும் ஜோனிடம் போகலாமா? அவருடைய புது இல்லம் திறந்த 1927ஆம் ஆண்டிலேயே இரண்டு முக்கியமான விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்த கொமோடோ டிராகன்கள்! உலகத்திலேயே மிகப் பெரிய பல்லி இனம். நம் உடும்புக்குப் பெரியப்பா என்று சொல்லலாம். அப்படி ஒரு பிராணி இருப்பது விஞ்ஞானிகளுக்குத் தெரிய வந்தே பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மனிதரைக் கடித்துக் குதறும் பயங்கர மிருகம் என்றுதான் எல்லோரும் நினைத்துக் கொண்டிருந்தார்கள். சும்பாவா, சும்பா என்று அவற்றுக்குப் பெயர்.

ஜோன் அவற்றோடு பழகினார். சும்பாவா அவரிடம் நாய்க்குட்டி போல ஒட்டிக் கொண்டது. 1928ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், விலங்கியல் சங்கத்தின் கூட்டத்துக்கு அதை நேராக அழைத்துப் போய்விட்டார்! விஞ்ஞானிகள் அமர்ந்திருக்க, டிராகன் அவர் கையிலிருந்து முட்டைகளும் புறாவும் கோழியும் வாங்கித் தின்றது. பிறகு கூட்டத்துக்கு நடுவே உலாவியது. ஜோன் அதைத் தடவிக் கொடுத்துக் கொண்டே பேசினார். பள்ளிக்கு முதலை, சங்கத்துக்கு டிராகன். ஆள் மாறவே இல்லை பாருங்கள்!

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. அது காட்டு விலங்கு. ஒரு கடியில் கையே போய்விடும். பல்லியின் ஒவ்வொரு அசைவுக்கும் அர்த்தம் தெரிந்தவர் என்பதால்தான் ஜோனால் அப்படிப் பழக முடிந்தது. குளிரில் விறைத்துப் போன ஊர்வனவும் பார்வைக்குச் சாதுவாகத்தான் இருக்கும். அதற்கு அசையவே தெம்பு இருக்காது. சும்பாவா அப்படி இல்லை. உடம்பில் நல்ல சூடும், வயிறு நிறையத் தீனியும் இருந்தும் அது சாதுவாக இருந்தது.

இந்த ஆண்டுகளில் ஜோனின் உடம்பு மோசமாகிக் கொண்டே வந்தது. சிறு வயதில் பிடித்த குடல் நோய் விடவில்லை. பல முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. வலி இல்லாத நாள் அபூர்வம். காட்சிசாலைக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கினார். நடக்க முடியாமல் போனதும் மின்சாரத்தில் ஓடும் சக்கர நாற்காலியில் அமர்ந்து தன் பிராணிகளைப் பார்வையிட வந்தார். சில நாட்களில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கொமோடோ டிராகனும் நடந்து வரும். லண்டன் மக்கள் அந்தக் காட்சியை நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், உடம்பைக் காரணம் காட்டி அவர் வேலையைக் குறைக்கவே இல்லை. பெரிய மலைப்பாம்புகளுக்கு வைத்தியம், புதிய பிராணிகளைப் பற்றிய குறிப்புகள், பத்திரிகைகளுக்கு எளிய கட்டுரைகள் என்று ஓடிக் கொண்டே இருந்தார். கேம்பிரிட்ஜுக்குப் போக முடியாத அந்தப் பெண்ணுக்கு 1931இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி ஜோன் இறந்து போனார். புற்றுநோய். வயது 34.

அவருடைய பளிங்குச் சிலை ஒன்றை ஊர்வன இல்லத்தின் வாசலில் வைத்தார்கள். அந்த இல்லம் அரசால் பாதுகாக்கப்பட்ட கட்டிடம் ஆயிற்று. உள்ளே கருவிகள் பல முறை மாறின, பாம்புகள் மாறின. ஏறக்குறைய 97 ஆண்டுகள் அதே கட்டிடத்தில்தான் லண்டனின் பாம்புகளும் பல்லிகளும் வெயில் காய்ந்தன. 2024ஆம் ஆண்டு அவற்றுக்குப் புதிய இல்லம் திறந்தது. அங்கே ஒவ்வொரு இனத்துக்கும் ஏற்றபடி சூடும் ஈரமும் தனித்தனியே அமைக்கப்பட்டிருக்கின்றன.